பேச்சியின் பலாப்பழமும் என் செல்ஃபியும்

மனைவிக்குக் கிடைக்கிற புகழில் பாதி தனக்கும் சேரும் என்று நம்பாத கணவன் யாரும் இல்லை. நான் முழுவதும் எனக்கே என்று நம்பியவன்.

இலஞ்சியை ஒட்டிய எங்கள் ஊரில், குற்றாலத்தில் சாரல் தொடங்கும் வாரத்தில் பலாப்பழப் போட்டி நடக்கும். அவரவர் வீட்டு மரத்தில் விளைந்த பழத்தைக் கொண்டுவர வேண்டும். எது அதிக எடையோ அதற்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அந்த விளக்குக்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் ஊரில் உண்டு. வருடாவருடம் அது எங்கள் பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து அண்ணாச்சிக்கே போகும்.

அந்த வருடம் என் மனைவி பேச்சியம்மாள் களத்தில் இறங்கினாள். மரத்தில் ஒரே ஒரு பிஞ்சை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளி எறிந்தாள். சாணமும் சாம்பலும் போட்டாள். கோடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். காய் பெருத்ததும் பழைய சேலையில் தொட்டில் கட்டித் தாங்கினாள். (என் பங்கு? தினமும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, 'நான் வளர்த்தது' என்று தென்காசி ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டது.)

போட்டி நெருங்கும்போது பேச்சி காயை முகர்ந்து பார்த்தாள்.

"மணம் வந்துட்டு. இன்னைக்கே வெட்டிருவோம். இனிமே காம்பு தாங்காது."

வெட்டி வைத்தால் வற்றி எடை குறைந்துவிடும் என்று நான் அடம்பிடித்தேன். போட்டியன்று காலையில்தான் வெட்டினோம்.

பந்தலில் மூன்று மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி, கொக்கித் தராசு மாட்டியிருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து பழத்தைத் தூக்கி, காம்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். தராசு முள், அண்ணாச்சி பழத்தின் எடையைத் தாண்டிப் போய் நின்றது. கூட்டம் கைதட்டியது. பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறிவிப்பாளர் மைக்கைத் தட்டினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஓடிப்போய்ப் பழத்தைக் கட்டிப்பிடித்து, செல்ஃபி எடுக்கப் போனை உயர்த்தினேன்.

காம்பு விட்டுவிட்டது.

பழம் என் மேல். நான் தரை மேல். எழுந்தபோது சட்டையெல்லாம் சுளை, தலைமுடியெல்லாம் பிசின். பெயரை அறிவிக்கும்வரை பழம் முழுசாக இருக்க வேண்டும் என்பது விதி. விளக்கு மறுபடியும் அண்ணாச்சிக்கே போயிற்று.

பேச்சி என்னைத் திட்டவில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து, சிதறாத பாதியை அறுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு சுளையைத் தின்றுவிட்டு, விளக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இது உனக்குள்ளதுதான் தாயி. முள்ளு நின்ன இடத்த நானும் பாத்தேம்லா."

பேச்சி விளக்கைத் தொடவில்லை.

"அடுத்த வருசம் நானே செயிச்சு வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி. இப்ப நீங்க கொண்டு போங்க."

வாங்கினாள். அதற்கடுத்த வருடமும் வாங்கினாள். இப்போதெல்லாம் அவள் பழத்தைத் தராசில் மாட்டுவதற்கு முன்னால் மைக்கில் ஓர் அறிவிப்பு வரும்: "பேச்சியம்மாள் வீட்டுக்காரர் எங்கன இருந்தாலும், தயவுசெஞ்சு பந்தலுக்கு வெளிய போய் நிக்கும்படி கேட்டுக்கிடுதோம்."

ஊரே சிரிக்கும். எங்கள் மகள்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பாள். நானும் மரியாதையாக வெளியே போய், சாரலில் நனைந்துகொண்டே, உள்ளே இருப்பவர்களைவிடப் பலமாகக் கைதட்டுவேன்.