ஐந்தாவது வேட்டு

பயப்படுவதில் எங்கள் ஊர் வேட்டுக்காரரை மிஞ்ச இந்தப் பூமியில் இன்னொருவர் பிறக்கவில்லை. இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. எழுதுகிறவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான் என்று நினைக்கிறவர்கள் அவர் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். கிணற்றுப் பாறைக்கு வெடி வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர், தன் சம்சாரம் தீக்குச்சி கிழிப்பதற்குப் பயந்து தெருவில் வந்து நிற்பார்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, வாளையார் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குள் தமிழ் பேசுவோம், நிலவரியை மலையாளத்தில் கட்டுவோம். கடலை, கரும்பு, தென்னை. எழுபதுகளில் மழை சேர்ந்தாற்போலப் பொய்த்துப் போய், கிணறுகள் எல்லாம் வறண்டு கிடந்தன. ஆழப்படுத்தலாம் என்று இறங்கினால் கரும்பாறை. ஊரில் யாருக்கு வேலை இல்லாவிட்டாலும் வேட்டுக்காரருக்கு மட்டும் ஓயாத வேலை. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை.

ஆள் நல்ல உயரம், முறுக்கு மீசை வேறு. அந்த மீசையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் வீட்டுச் செவலைக் கோழி எதிரே வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். அம்மை ஊசி போட ஆட்கள் வந்தபோது கரும்புக் காட்டுக்குள் புகுந்தவர், அவர்களுடைய ஜீப் போன பிறகும் மறுநாள்தான் வெளியே வந்தார். பஸ்ஸில் போனால் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இறங்கி, பாலத்தை நடந்து தாண்டி, அக்கரையில் ஏறிக்கொள்வார். கண்டக்டர் முதலில் திட்டிப் பார்த்தார். பிறகு பழகிப்போய், "பாலம் வந்துருச்சு, எறங்குங்க" என்று அவரே தட்டி எழுப்ப ஆரம்பித்துவிட்டார்.

டீக்கடைப் பழனியண்ணன் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க, இத்தனை பயத்தை வெச்சுக்கிட்டு எதுக்குங்க இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?"

வேட்டுக்காரர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார். "பயமில்லாத ஆளுங்ககிட்டத்தானுங்க தொழில் கத்துக்கிட்டேன். அவங்கள்ல ஒருத்தருமே இப்ப இல்லீங்க."

பெஞ்சில் இருந்த நாங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தோம்.

அவர் பயந்தால் போதாது, ஊரும் பயந்தாக வேண்டும். வேட்டு வைக்கிற நாளில் காலையிலேயே மூங்கில் கம்பில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருவார். "இன்னிக்கு மத்தியானம் மேக்காலத் தோட்டத்துல வேட்டுங்கோ! நாலு குழியிங்கோ!" அதோடு ஊரின் நிம்மதி போய்விடும். முன்பு ஒருதரம் பறந்து வந்த கல் ஒன்று பழனியண்ணனுடைய பால் சட்டியில் விழுந்திருந்ததால் யாரும் அலட்சியம் செய்வதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவார்கள். நான் அப்போது பால் சங்கத்தில் பால் அளந்துகொண்டிருந்தேன். மாடுகளைக்கூட ஓட்டுக் கொட்டகைக்குள் நகர்த்திக் கட்டுவோம். பஞ்சாயத்துக் கூட்டம் நடக்கிற நாளாக இருந்தால் எதிரெதிர்க் கட்சி மெம்பர்கள் ஒரே மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர் ஒற்றுமைக்கு அவர் அளவுக்கு உழைத்தவர்கள் கிடையாது.

பொள்ளாச்சியில் இருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரைக்கு இந்த விவரம் ஒன்றும் தெரியாது. பெண் காப்பித் தட்டோடு வந்து நின்ற நேரத்தில் முதல் வேட்டு வெடித்தது. சத்தம் அடங்கிப் பார்த்தால் நாற்காலியில் மாப்பிள்ளையைக் காணோம். கட்டிலுக்கடியில் இருந்து வேட்டி நுனி மட்டும் தெரிந்தது. பெண் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு முன்னால கட்டுலுக்கடியில போறவரு எனக்கு வேண்டாமுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஆனால் எங்களுடைய உண்மையான பயம் சத்தத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. நாலு குழி என்றால் நாலு வேட்டுக் கேட்க வேண்டும். ஊரே காதைப் பொத்திக்கொண்டு, பொத்திய காதோடு எண்ணும். ஒன்று குறைந்தால், வெடிக்காத மருந்து பாறைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து ஊரில் அப்படி ஒரு குழியில் தெரியாமல் கடப்பாரையைப் போட்டவர் தோளில் போட்டிருந்த துண்டு பனை உச்சியில் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. அதனால் எண்ணிக்கை சரியாக வந்த பிறகும் வேட்டுக்காரர் யாரையும் கிணற்றுக்குள் விடமாட்டார். தள்ளி உட்கார்ந்து ஒரு பீடி குடிப்பார். அது தீரும்வரை யாரும் இறங்கக் கூடாது.

"எதுக்குங்க?" என்றால், "பயமா இருக்குதுங்க" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வயலுக்கு அக்கரையில் பகவதி கோயில். அங்கே வெடி வழிபாடு உண்டு. சீட்டு வாங்கிப் பேரும் நட்சத்திரமும் சொன்னால், குற்றி என்கிற இரும்புக் குழாயில் மருந்து திணித்து நம் பேரில் ஒரு வெடி போடுவார்கள். அந்தச் சத்தமும் இந்தச் சத்தமும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, கோயில் நடை சாத்திய பிறகுதான் வேட்டுக்காரர் திரியில் நெருப்பு வைப்பார். கோயில் வெடிக்காரரும் அதன் பிறகு குற்றியைத் தொடமாட்டார்.

எங்கள் கிணற்றுக்கு முறை வந்தது. தென்னைகள் மட்டையைத் தொங்கப்போட்டு நின்றன. இந்தக் கிணற்றில் தண்ணீர் வராவிட்டால் தோப்பு போய்விடும் என்று அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. அன்று ஐந்து குழி. மத்தியானம், நடை சாத்திய பிறகு, வேட்டுக்காரர் திரிகளைப் பற்றவைத்துவிட்டு "ஐயோ ஐயோ" என்று கத்தியபடி மேலே ஏறி ஓடினார். நாங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் பதுங்கி எண்ணினோம். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கொஞ்சம் இடைவெளி விட்டு, ஐந்து.

அப்பா கடப்பாரையை எடுத்துவிட்டார்.

"ஒரு பீடி தீரட்டுமுங்க, தோட்டத்துக்காரரே" என்றார் வேட்டுக்காரர், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே. "கடேசி வேட்டு கொஞ்சம் மேல கேட்ட மாதிரி இருந்துச்சுங்க. பயமா இருக்குதுங்க."

"உங்களுக்கு எதுக்குத்தானுங்க பயமில்லை? எங்கூட்டுக் கோழிக்கே ஓடற ஆளு நீங்க!" என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கிப் போனார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கீழே கடப்பாரை பாறையில் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அப்போதுதான் வரப்பு வழியாக அம்மா வந்தாள். கையில் வாழையிலைத் துண்டில் சந்தனமும் பூவும். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டுச்சா? நம்ம பேர்ல வெடி! நடை சாத்தியாச்சு, மாட்டவே மாட்டேன்னு நின்னாரு அந்த வெடிக்காரரு. நான் உடுவனா? கெணத்துல வேட்டுச் சத்தம் கேக்கறப்பவே நம்ம வெடியும் கேட்டாத்தான் பகவதி இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பான்னு சொல்லி, கையைப் புடிச்சு அழுதே போட வெச்சுப்போட்டேன்!"

பழனியண்ணன் ஐந்து விரலையும் நீட்டிப் பார்த்தார். அதில் ஒன்றை மெதுவாக மடக்கினார்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கிணற்று மேட்டுக்கு ஓடிக் கத்தினோம். இத்தனை பேர் கத்தியது கிணற்றுக்குள் வெறும் இரைச்சலாகத்தான் போய்ச் சேர்ந்தது. மேலே ஏதோ உற்சாகம் என்று நினைத்த அப்பா, "ஈரம் தெரியுது! ஈரம் தெரியுது!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு முன்னைவிட வேகமாகக் குத்த ஆரம்பித்தார். அம்மாவின் கையில் இருந்த பூ கீழே கொட்டியது.

"கத்தாதீங்க!" என்றார் வேட்டுக்காரர். அவர் அதட்டி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டார். உடம்பு உதறியது, மீசைகூட உதறியது. இவரை நம்பிப் பிரயோஜனமில்லை, நாமே இறங்குவோம் என்று நான் வேட்டியை மடித்தேன். அவர் எழுந்து என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, வாயில் இருந்த பீடியை என் கையில் கொடுத்தார்.

"இதை அக்கட்டால கொண்டுபோயி அணைச்சுப்போடுங்க தம்பி."

இறங்கினார். ஒவ்வொரு படிக்கல்லுக்கும் "ஐயோ" என்றார். அவர் பிடித்திருந்த வடம் மேலே எங்கள் காலடிவரை நடுங்கிக்கொண்டு இருந்தது. கீழே போனதும் அந்த ஐயோவும் நின்றுவிட்டது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் கிணற்றுக்குள் பேசியது ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

"எதுக்குங்க கடப்பாரையைப் புடிக்கிறீங்க?" என்று அப்பா.

"அம்மிணி பிரசாதத்தோட வந்திருக்குதுங்க. குளிச்சுப்போட்டுத்தான் தொடோணுமாம். கோவமா இருக்குதுங்க. வெரசாப் போங்க. கடப்பாரையை நான் எடுத்துக்கிட்டு வரனுங்க."

வெடிக்கு அசையாத அப்பா, அம்மாவின் கோபம் என்றதும் முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிட்டார். மேலே வந்து எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. விஷயத்தைச் சொன்னோம். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வேட்டுக்காரர் கடப்பாரையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, பாறையில் எங்கும் இடிக்காமல், மெதுவாக ஏறி வந்தார். அப்பா குத்திய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கல்லிடுக்கில், பாதி எரிந்து அணைந்த திரி நீட்டிக்கொண்டிருந்ததாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் செவலைக் கோழி கொக்கரித்துக்கொண்டு குறுக்கே ஓடியது. "ஐயோ!" என்று அலறியவர் பின்னால் சாய, நாலு பேர் பாய்ந்து பிடித்திராவிட்டால் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே போயிருப்பார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் அந்தக் கோழியைப் பிடித்துக் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டு வந்தார்.

மறுநாள் வேட்டுக்காரர் அந்தக் குழிக்குப் பக்கத்தில் வேறு குழி போட்டு அதையும் வெடிக்க வைத்தார். ஊற்றுப் பீறிட்டு வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்பா பார்த்த ஈரம் அவருடைய வேர்வையாகத்தான் இருக்க வேண்டும். பிறகு எப்படியோ மழை வந்து தோப்பில் பாதி பிழைத்தது. ஆனால் வேட்டுக்காரர் பீடி பற்றவைத்தால் அது தீரும்வரை எங்கள் ஊரில் யாரும் அசைவதில்லை. அப்பா முதலில் உட்காருவார்.

அந்த வருடம் அம்மா வேட்டுக்காரர் பேரில் ஒரு வெடி போடப் போனாள். சீட்டு எழுதுகிறவர், "பேரு? நாளு?" என்று நட்சத்திரத்தையும் சேர்த்துக் கேட்டார். "வேட்டுக்காரர்" என்றாள். "வேட்டுக்காரன்னு ஒரு பேரோ?" என்று அவர் சிரிக்க, அம்மா திரும்பி வந்து வேட்டுக்காரரையே கேட்டாள்.

"வேண்டாமுங்க அம்மிணி" என்று பதறிப்போனார். "மேல இருக்கறவங்க என்னை மறந்திருக்கறதாலதானுங்க இன்னும் உசுரோட இருக்கேன். பேரைச் சொல்லி ஞாபகப்படுத்திப்போடாதீங்க."

அம்மா மறுபடியும் கோயிலுக்குப் போனாள். "பேரெல்லாம் வேண்டாமுங்க. என்ற அண்ணன்னு எழுதுங்க" என்றாள். அதன் பிறகு வருடா வருடம் அப்படித்தான். வெடி போடும் நேரத்தில் அந்த அண்ணன் எங்கள் சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வேட்டுக்காரர் முடியெல்லாம் நரைத்து, கட்டிலில் படுத்து, முழு உடம்போடு போய்ச் சேர்ந்தார். அம்மாவும் போய்விட்டாள். இப்போது வருடத்துக்கு ஒருமுறை நான்தான் போய்ச் சீட்டு வாங்குகிறேன். பேரைக் கேட்கிறார்கள். மாமன் என்று எழுதச் சொல்கிறேன்.