பேய் ஸ்ரூடியோவில் படிந்த பேரம்

ஆனந்தராசா பேய்க்குப் பயப்படாதவர். ஜேர்மனியில் அவருடைய கடைக்கு வந்துபோகிற சனம் அப்படித்தான் நம்பியிருந்தது. மிளகாய்த்தூளும் வீடியோ கசற்றும் ஒரே மேசையில் வைத்து விற்கிற கடை அது. கசற்றுகளில் அவர் கொண்டாடியது இத்தாலிக்காரர் எடுத்த ஒரு பேய்ப்படத்தை. பாழடைந்த கன்னியர் மடம். முக்காடு போட்ட ஒருத்தி லாந்தரோடு நடந்து வருவாள். அவளுடைய முகம் எப்படியிருக்கும் என்று சொல்ல ஆளில்லை. பார்த்தவன் எவனும் மிஞ்சவில்லை.

"உவள் ஒருக்கா என்ர முன்னாலை வரட்டும்," என்பார் ஆனந்தராசா, கசற்றைத் தட்டித் தட்டி. "முக்காட்டைப் பிடிச்சு இழுத்து, இந்தச் சீலை எங்கை எடுத்தனி, மீற்றர் என்ன விலை, உன்னை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள் எண்டு சொல்லுவன்."

சனம் சிரிக்கும். கசற் வாடகைக்குப் போகும். அந்தப் படம் ஓடும்போது அவர் முகத்துக்கு முன்னால் தலையணை பிடிப்பதோ, அதைப் பார்த்த நாட்களில் அவர் கக்கூசுக்குப் போனால் வெளியே ஒருவர் நின்று விடாமல் இருமிக்கொண்டிருக்க வேண்டும் என்பதோ அந்தச் சனத்துக்குத் தெரியாது. மனைவி நாகபூசணிக்குத் தெரியும். இருமினது அவள்தானே.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் இருவரும் இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்தார்கள். நாகபூசணியின் தங்கை சந்திரமதி அங்கே வீட்டுவேலை செய்து குடியிருந்தாள். கடலும் மீனும் ஓய்வும் என்று நினைத்துத்தான் ஆனந்தராசா வந்தார். வந்து பெட்டியை வைத்த பிறகுதான் எதற்காகக் கூட்டிவரப்பட்டோம் என்பது தெரிந்தது.

போன வருடம் அவருக்கு வயிற்றில் ஒப்பரேசன். கதவுக்கு வெளியே நின்று நாகபூசணி தங்கைக்குப் போன் எடுத்து அழுதாள். இங்கே எங்கடை ஆக்கள் கோயிலுக்குப் போகிறவர்களும் சேர்ச்சுக்குப் போகிறவர்களும் ஒரேபோல மலையிலிருக்கிற புனிதவதி சாந்தா ரொசாலியாவிடம்தான் ஓடுவார்கள், நேர்ந்து வை என்றாள் தங்கை. அந்த இடத்திலேயே நேர்ந்தாள் நாகபூசணி. புருஷன் பிழைத்து எழும்பினால் வெறுங்காலோடு மலையேறி வருவார். ஆனந்தராசா எழும்பினார். எழும்பின கையோடு சூப் தண்ணியாக இருக்கிறதென்று தாதியோடு சண்டையும் பிடித்தார்.

"ஆரைக் கேட்டு நேர்ந்தனி?" என்றார் இப்போது.

"ஆரைக் கேக்கிறது? நீங்கள் மயங்கிக் கிடந்தியள்."

"ஒரு சாமானுக்கு விலை பேசேக்கை சாமானின்ர சொந்தக்காரன் பக்கத்திலை நிக்கவேணும். என்னைக் கேக்காமல் என்ர காலை வித்தால் அந்த வியாபாரம் செல்லாது."

"அத்தான், கொள்ளைநோயையே ஊரை விட்டுக் கலைச்ச அம்மா அவ," என்றாள் சந்திரமதி. "நேர்ந்துபோட்டு ஏமாத்தக்கூடாது."

"அப்ப உன்ர அக்கா ஏறட்டும். வாய் குடுத்தது ஆரோ, அவைதான் ஏறவேணும். நான் வாய் குடுக்கேல்லை. முடிஞ்சுது கதை."

அவர் குரல் எழும்பினால் கதை முடிந்ததாகத்தான் அர்த்தம். வந்த அன்றைக்கே வுச்சீரியாச் சந்தையில் ஒரு துண்டு வாள்மீனுக்கு அவர் போட்ட சண்டையில், மீன்காரன் தன் ஏப்ரனைக் கழற்றி இவர் கையிலே கொடுத்து, நீயே வித்துக்கொள் என்று சைகை காட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டான்.

நாகபூசணி மறுபடி கேட்கவில்லை. ஆனால் அவர் வயிற்றைத் தடவினாலும் அவளுக்குத் திக்கென்றது. ஏப்பம் விட்டாலும் திக்கென்றது. நேர்த்தி சொல்லி வாங்கின உயிர். கொடுத்தவள் மலையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் நாலு நாளில் விமானம். திரும்பிப் போனால் இந்த மனிதரை இன்னொருமுறை யார் இங்கே கொண்டுவருவது?

அடுத்த நாள் காலை, பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே அவள் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை அந்த முக்காட்டுப் படம் எடுத்த ஸ்ரூடியோ இஞ்சைதானாம். மொண்டெல்லோவுக்குப் போற வழியிலை."

ஆனந்தராசாவின் பாண் தொண்டைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"இப்ப அதைச் சனத்துக்குக் காட்டுகினம், அத்தான்," என்றாள் சந்திரமதி. "படத்திலை வந்த மடம், கிணறு, சவப்பெட்டி எல்லாம் அப்பிடியே கிடக்கு. சனி ஞாயிறிலை நான்தான் அங்கை கூட்டித் துடைக்கிறனான்."

"வெய்யிலுக்கை ஆர் போறது?"

"உள்ளுக்கை நல்ல குளிர்."

"சனம் நெரியும்."

"மத்தியானத்திலை ஒரு குஞ்சும் இராது."

இந்தப் பதில் அவருக்கு முந்தின பதிலைவிடப் பிடிக்கவில்லை.

"விடு சந்திரா," என்றாள் நாகபூசணி. "உன்ர அத்தானுக்குப் பயமாக்கும். கடையிலை சனம் கேட்டால் வெய்யில் எண்டு சொல்லிச் சமாளிப்பம்."

ஆனந்தராசா எழும்பிச் சப்பாத்தைப் போட்டார்.

மொண்டெல்லோப் பஸ்ஸில் போகும்போது அவர் ஒரு திட்டம் போட்டார். வாழ்க்கையில் எந்த இடத்திலிருந்தும் மரியாதையோடு வெளியேற அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். எதிராளி கோபப்படுகிற அளவுக்குக் கேவலமான ஒரு விலை கேட்பது. அவன் கத்துவான். இவர் அதைவிடக் கத்துவார். பிறகு, உன்ர சாமானை நீயே வைச்சிரு என்று நிமிர்ந்து நடந்துவிடலாம். பேயைப் பார்க்கத் தேவையில்லை. பேய்க்குப் பயந்ததாகவும் ஆகாது.

ரிக்கற் கொடுக்கிற சல்வோ தொப்பை வைத்த மனிதன். சந்திரமதி மொழிபெயர்த்தாள்.

"லாந்தர் பிடிச்சுக்கொண்டு ஒராள் கூட வந்து கதை சொல்லுவாராம். அவருக்கும் சேர்த்துத்தான் விலையாம்."

"லாந்தர்க்காரன் வேண்டாமெண்டு சொல்லு. அவன்ர கூலியைக் கழிக்கச் சொல்லு. நாங்கள் ரெண்டுபேர். ஒராளின்ர காசுதான் தருவன். அதிலையும் பாதி. படம் பழசு. பேயும் பழசு. பழஞ்சாமானுக்குப் புதுவிலை கேக்க உவனுக்கு வெக்கமில்லையோ எண்டு கேள்."

சந்திரமதி ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னாள். ஆனந்தராசா கத்துவதற்காக மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்தினார். சல்வோ சந்திரமதியைப் பார்த்தான். சந்திரமதி வானத்தைப் பார்த்தாள்.

"வா பேனே," என்றான் சல்வோ. சரியாம். ரிக்கற்றைக் கிழித்துக் கையில் வைத்தான்.

இழுத்த மூச்சை எங்கே விடுவதென்று ஆனந்தராசாவுக்குத் தெரியவில்லை. அவருடைய ஆயுளில் பேரம் படிந்ததற்காகக் கவலைப்பட்டது அன்றைக்குத்தான். வெளிச்சத்தையும் வழிகாட்டியையும் அவரே கழிக்கச் சொல்லி வாங்கியிருந்தார்.

சந்திரமதி வெளியே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நிற்பதாகச் சொன்னாள். கதவு பின்னால் மூடியது.

உள்ளே நீண்ட நடை. இரண்டு பக்கமும் கற்சுவர். மேலே மங்கலாக ஒன்றிரண்டு பல்ப். ஆனந்தராசா சுவரை விரலால் சுண்டினார்.

"பலகை," என்றார் உரக்க. "பூச்சும் சரியில்லை. பூசணி, இதெல்லாம் சும்மா வெருட்டு."

"ஓமோம். நீங்கள் ஏன் என்ர கையைப் பிடிக்கிறியள்?"

"நீ விழுந்துபோடுவாய்."

முழந்தாளில் இருக்கிற மெழுகுக் கன்னியர்களைத் தாண்டினார்கள். ஆனந்தராசா ஒவ்வொருத்தியின் விரலையும் பார்த்தார். அசையவில்லை. அசையாததும் அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பினவுடன் ஒரு சவப்பெட்டியின் மூடி தானாகத் திறந்தது. அடுத்த கணம் அவர் மனைவிக்குப் பின்னால் நின்றார்.

"அங்கை என்ன செய்யிறியள்?"

"பின்னாலை ஆரும் வருகினமோ எண்டு பாக்கிறன்."

கடைசி அறை கிணற்றறை. படத்தில் எல்லாரும் சாகிற அறை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். முக்காடு. லாந்தர். மெழுகுதான். பலகையும் மெழுகும் துணியும்தான். ஆனந்தராசா தனக்குத்தானே இதை அடுக்கிச் சொல்லிக்கொண்டிருக்கையில் நாகபூசணி குனிந்தாள்.

"நீங்கள் முன்னாலை நடவுங்கோ. நான் சப்பாத்து வாரைக் கட்டிப்போட்டு வாறன்."

பல்ப் எல்லாம் செத்தது. லாந்தர் மட்டும் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"பூசணி."

கையை நீட்டித் துழாவினார்.

"பூசணி, பகிடி விடாதை. ஒருக்கா இருமு."

எவரும் இருமவில்லை. எங்கோ ஒரு சங்கிலி உரசியது. பிறகு, குளிர்ந்து ஈரமாக, நூல் நூலாக ஏதோ ஒன்று அவருடைய பின்கழுத்தைத் தடவிக்கொண்டு போனது. சவர்க்கார மணம் அடித்தது. பிணம் கழுவுகிற சவர்க்காரம் என்று ஆனந்தராசா முடிவுகட்டினார். கால்கள் ஓடச் சொல்லின. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. வயிற்றில் பழைய தையல் இழுத்தது. இங்கேயே முடிந்துபோகும், கடையில் வெந்தயம் வேறு புதிதாக இறக்கிக் கிடக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிள்ளையாரைக் கூப்பிட்டார். முருகனைக் கூப்பிட்டார். அவ்வளவு பயத்திலும் வியாபாரப் புத்தி வேலை செய்தது. அவர்கள் வந்துசேர நேரமெடுக்கும். இந்த ஊர்ப் பேயை அடக்க இந்த ஊர் ஆள்தான் வேண்டும்.

"தாயே, சாந்தா ரொசாலியா," என்றார். குரல் தேய்ந்து வந்தது. "என்னை உயிரோடை வெளியிலை விடு. உனக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திறன்."

அறை முழுவதும் சுற்றிச் சுற்றி ஒரு பெண்குரல் வந்தது.

"காணாது."

ஆனந்தராசாவின் தலைமயிர் நட்டுக்கொண்டது.

"ரெண்டு மெழுகுதிரி."

"காணாது."

"மலைக்கே வாறன், தாயே. பஸ்ஸிலை வாறன்."

"நடந்து."

"நடந்து வாறன். சப்பாத்தோடை."

முக்காடு மெல்ல ஆடியது.

"வெறுங்காலோடை. வெறுங்காலோடை, தாயே."

"ஆரின்ர காலாலை?"

"என்ர காலாலை."

"ஆரின்ர வாயாலை சொல்லுறாய்?"

"என்ர வாயாலைதான் சொல்லுறன்."

முடிந்தது என்று அவர் நினைத்தார்.

"காலமையிலை தேத்தண்ணி ஆர் ஊத்துறது?"

வேறொரு நேரமாக இருந்தால், ஒரு புனிதவதிக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று ஆனந்தராசா யோசித்திருப்பார்.

"என்ர மனிசி."

"இனிமேல்?"

"நான். நான் ஊத்திறன்."

"உனக்கு மட்டுமோ?"

"அவவுக்கும் சேர்த்து." வாய் பழக்கதோஷத்தில் ஒரு அடி பின்வாங்கியது. "கிழமையிலை ஒருநாள்."

சங்கிலி தடதடவென்று விழுந்தது.

"நெடுகலும், தாயே. நெடுகலும்."

வெளிச்சம் வந்தது. முக்காட்டுக்காரி மெழுகாக நின்றாள். பின்னால் நாகபூசணி குனிந்து சப்பாத்து வாருக்கு இரண்டாம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, ஆரோடை கதைச்சனீங்கள்?"

"ஒருத்தரோடையும் இல்லை. இடம் எதிரொலிக்குதோ எண்டு பாத்தனான்."

"எதிரொலிக்குதோ?"

"நல்லா."

வெளியே சந்திரமதி நின்றாள். கையில் ஐஸ்கிரீம் இல்லை. மேற்சட்டைக் கை மட்டும் முழங்கை வரை சவர்க்காரத் தண்ணியில் நனைந்திருந்தது. ஆனந்தராசா இருந்த நிலையில் சூரியன் இருந்த இடமே அவருக்குத் தெரியவில்லை. சட்டைக் கையா தெரியப்போகிறது?

பஸ்ஸில் வரும்போது அவருக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. யார் சாட்சி? ஒருத்தரும் கேட்கவில்லை. சொன்னது சொன்னதாகவே அந்த அறையில் கிடக்கட்டும். அப்போது பஸ் திரும்பியது. ஜன்னல் நிறைய மலை வந்து நின்றது. எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் அது கூடவே வந்தது.

அடுத்த நாள் விடிய, நாகபூசணி எழும்பி வந்தபோது மேசையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தாள்.

"பூசணி," என்றார் ஆனந்தராசா, பெருந்தன்மையாக. "உன்ர முகத்தைப் பாக்கப் பாவமாக்கிடக்கு. உனக்காகத்தான். மலைக்குப் போவம்."

"சப்பாத்தோடையே?"

"செய்யிறதைச் சரியாச் செய்யவேணும்."

பழைய கற்பாதை வளைந்து வளைந்து ஏறியது. வெயில் கல்லைச் சுட்டு வைத்திருந்தது. ஒவ்வொரு சின்னக் கல்லும் இவருக்காகவே நிமிர்ந்து நின்றது. இறங்கி வந்த நம்முடைய சனம், "என்ன அண்ணை, நேர்த்தியோ?" என்று கேட்டது. ஆனந்தராசா எவரோடும் சண்டைக்குப் போகவில்லை. அடிக்கடி மேலே பார்த்தார். அங்கே இருப்பவள் தன்னோடு பேசினவள் என்ற நினைப்பு முதுகில் ஐஸ்போல இருந்தது. அவருடைய சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு நாகபூசணி பின்னால் வந்தாள்.

பாதி மலையில் அவர் நின்றார்.

"பூசணி, இந்த அம்மாவுக்குத் தமிழ் விளங்குமோ?"

"எங்கடை சனம் ஞாயிறு ஞாயிறா வந்து அழுதால் பழகாதே?"

அது நியாயமாகத்தான் பட்டது. மீதி மலையையும் ஏறினார்.

கோயில் ஒரு குகைக்குள் இருந்தது. பாறையிலிருந்து நீர் சொட்டி, மேலே கட்டியிருந்த தகரப் பீலிகளில் ஓடியது. கண்ணாடிக்குள் சாந்தா ரொசாலியா சிலையாகப் பொன்னுடையில் சாய்ந்து கிடந்தாள். நாகபூசணி கண்ணை மூடினாள். ஒரு வருடமாக அவள் நெற்றியில் இருந்த சுருக்கம் ஒன்று மெல்லக் கழன்றது. அவள் கை அவர் வயிற்றுத் தையல் மேல் ஒரு கணம் பட்டு விலகியது. ஆனந்தராசா அந்தக் கையைப் பார்த்தார். ஏறினது நல்லதுதான் என்று நினைத்தார்.

நினைத்துக்கொண்டே, வாங்கி வந்த இரண்டு மெழுகுதிரிகளில் ஒன்றைக் கொளுத்தினார். அம்மா இப்போது சந்தோஷமாக இருப்பதுபோலப் பட்டது. சந்தோஷமாக இருக்கிறவர்களிடம் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம். மற்றத் திரியை மெதுவாகக் காற்சட்டைப் பைக்குள் தள்ளினார்.

குகை முழுவதும் சுற்றிச் சுற்றி ஒரு பெண்குரல் வந்தது.

"காணாது."

அதே குரல். அதே எதிரொலி. ஆனந்தராசா உறைந்துபோய்த் திரும்பினார். பின்னால் நாகபூசணியைத் தவிர ஒருத்தரும் இல்லை. அவள் அவருடைய சப்பாத்துகளை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"நீயோ?" என்றார்.

"ஆராயிருந்தால் என்ன? வாய் குடுத்தது நீங்கள்தானே."

ஆனந்தராசா வாயைத் திறந்தார். கத்துவதற்கு மூச்சையும் இழுத்தார். கண்ணாடிக்குள் இருந்தவளைப் பார்த்ததும் மூச்சு வந்த வழியே போய்விட்டது. பையிலிருந்து இரண்டாவது திரியை எடுத்துக் கொளுத்தினார்.

"நாளைக்கு," என்றாள் நாகபூசணி, சப்பாத்துகளைக் கீழே வைத்து, "தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் குறையுங்கோ."