சட்டனில் நான் நின்ற வரிசை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் வரிசையில் நிற்பதில் எனக்கு மேற்படிப்பு உண்டு. திருப்பூரில் ரேஷன் கடை, மும்பையில் பாஸ்போர்ட் ஆபீஸ், மஸ்கட்டில் லேபர் கார்டு என்று ஊர் ஊராக நின்று கற்ற கல்வி. லண்டனில் என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு உலை வைத்ததும் அந்தக் கல்விதான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், மஸ்கட்டில் சமையல்காரனாக இருந்த என்னை லண்டன் நோர்பரியில் ஒரு தோசைக்கடைக்காரர் வேலைக்கு எடுத்தார். கடைக்கு மேலேயே ஒரு அறை. நான், மனைவி செல்வி, ஒன்பது வயது பிரியா. போர்த்திக்கொள்ளும் கம்பளிகூட மசால்தோசை வாசனை அடிக்கும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒரே ஒரு பயம். என் வொர்க் பெர்மிட் ஒரு வருஷத்துக்குத்தான். நீட்டித்தால் லண்டன், இல்லாவிட்டால் ஊர். மஸ்கட்டில் இந்தியப் பாடத்திட்டத்தில் படித்த பிரியா, இங்கே வேறு எதையோ படித்துவிட்டு ஊருக்குப் போனால் ஒரு வகுப்பு இறக்கிப் போட்டுவிடுவார்கள். அறுந்துபோன படிப்பை மறுபடி முடிச்சுப் போட முடியாது என்பதற்கு நானே சாட்சி.

நோர்பரியிலேயே ஒரு இலவசப் பள்ளியில் பிரியாவுக்கு இடம் தந்து கவுன்சில், அதாவது உள்ளூர் நகராட்சி, கடிதம் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் பக்கத்து வட்டாரமான சட்டனில் இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். எடுத்தது பிரின்சிபால், கோயம்புத்தூர்க்கார அம்மா.

"சீட்டுக்குக் கவலையே வேண்டாங்க. பாதி பெஞ்சு காலியாத்தான் கெடக்குது. உங்க நெலமைக்கு ஃபீஸும் பாதியாக் கொறச்சுக்கலாம். வியாழக்கிழம ஒம்பது மணிக்கு மேல மெதுவா வாங்க."

வேறு எவனாக இருந்தாலும் இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். நான் அரண்டுபோனேன். "சீட் இருக்கு, மெதுவா வாங்க" என்று சொன்ன யாரும் என் வாழ்க்கையில் எனக்கு சீட் தந்ததில்லை. (பஸ் கண்டக்டர் உட்பட.)

"ஒம்பது மணிக்குப் போனா ஃபார்ம் தீர்ந்துடும்" என்றேன் செல்வியிடம்.

"அதான் காலியாக் கெடக்குன்னு சொல்றாங்களே!"

"அப்படித்தான் சொல்லுவாங்க."

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு சட்டனில் அந்தப் பள்ளிக்கூடக் கதவுக்கு முன்னால் நின்றேன். பிப்ரவரிக் குளிர். தலையில் குரங்குக் குல்லா, கையில் பிளாஸ்க், கக்கத்தில் பிரியாவின் டி.சி., பன்னிரண்டு பாஸ்போர்ட் போட்டோ. முதல் ஆள் நான்தான். பெருமையாக இருந்தது. இரண்டாவது ஆளே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆறு மணிக்கு, பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். குகன் என்று பெயர்.

"தம்பி, என்ன குடுக்கினம்?"

"ஃபார்ம்ணே."

"ஃப்ரீயோ?"

"ஃபார்ம் ஃப்ரீதான்."

"அப்ப நானும் நிக்கிறன்."

பிளாஸ்க் டீயில் பாதியைக் குடித்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றார். இரண்டு பேர் நின்றால் அது வரிசை. ஏழு மணிக்குள் ஐந்து பேர், எட்டுக்குள் பதினோரு பேர். எங்கள் ஊர் வழக்கப்படி முதலில் வந்தவன்தான் லிஸ்ட் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஆள் புகுந்துவிடும். டி.சி. ஜெராக்ஸின் பின்பக்கத்தில் எல்லார் பெயரையும் போன் நம்பரோடு எழுதி, மணிக்கட்டிலும் ஆளுக்கொரு எண் போட்டுவிட்டேன். குகன் அண்ணைக்கு இரண்டு.

எட்டரைக்கு போலீஸ் வந்தது. இருட்டோடு வந்து குரங்குக் குல்லாவில் பள்ளிக்கூட வாசலில் நின்றவனைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா போன் செய்திருக்கிறார். ஒரு பெண் போலீஸ் மிகவும் மரியாதையாக, இது எதற்கான வரிசை என்று கேட்டார். நாலாம் நம்பர் இலவசக் கம்பளிக் கோட்டு என்றது. ஏழாம் நம்பர் கவுன்சில் வீடு என்றது. குகன் அண்ணை மட்டும் சரியாக, ஸ்கூல் என்றார்.

"உங்கள் பிள்ளைக்கு என்ன வயது?"

"இன்னும் கலியாணமே ஆகேல்லை" என்றார் அவர். அதையும் இங்கிலீஷில் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் பிரின்சிபால் அம்மா சாவிக்கொத்தோடு வந்தார். வரிசையைப் பார்த்தார். ஒழுங்குபடுத்த வந்தது போல் நின்ற போலீஸைப் பார்த்தார். என் கையிலிருந்த லிஸ்டை வாங்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இத்தன பேரா? மூணு வருஷமா நடத்தறேன், இப்படி ஒரு நாள் வரும்னு நெனச்சதே இல்லைங்க."

"மேடம், நான்தான் போன்ல பேசினேன். பாதி ஃபீஸ்…"

"அது காலியா இருந்தப்ப சொன்னதுங்க. இவ்வளவு பேர் குளிர்ல நிக்கறப்போ உங்களுக்கு மட்டும் எப்படிக் கொறைக்கறது?"

"இவங்க யாரும் நிஜமில்லை மேடம்!" என்று கத்தினேன். பின்னால் பத்து நிஜ மனிதர்கள் என்னை முறைத்தார்கள்.

குகன் அண்ணைக்கு என் மேல் பாசம் பொங்கிவிட்டது. "அவர் விடியக்காலமையே வந்து நிக்கிறார் அம்மா. அவருக்கு இடம் குடாமல் நாங்கள் ஒருத்தரும் போகமாட்டம்!"

மற்றவர்களும் "ஓம், ஓம்" என்றார்கள். என் கதை முடிந்தது.

முழு ஃபீஸ் கட்ட என்னால் ஏலாது. வெள்ளிக்கிழமை கவுன்சில் பள்ளிக்கு சரி என்று எழுதிக் கொடுத்தேன். செல்வி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பதினோரு பேருக்கும் டீ குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து பிரின்சிபால் அம்மா போன் செய்தார். லிஸ்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், ஒருத்தரும் சேரவில்லை, பாவம். "பழைய பாதி ஃபீஸுக்கே வாங்க" என்றார். ஆனால் பிரியா அதற்குள் புதுப் பள்ளியில் இரண்டு சிநேகிதிகள் பிடித்து, நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேஷமும் வாங்கியிருந்தாள். ஆட்டுக்குட்டியை விட்டு வரமாட்டேன் என்று ஒரே அழுகை.

பயம் என்னை விடவில்லை. ஊரிலிருந்து இந்தியப் பாடப்புத்தகங்களை வரவழைத்து, தோசை மாவு அரைபடும் நேரத்தில் அவளோடு உட்கார்ந்தேன். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் முதலில் படிக்க வேண்டியிருந்தது. பெர்மிட்டை ஒவ்வொரு முறையும் நீட்டித்தார்கள். ஊருக்குத் திரும்பவே இல்லை. அந்தப் புத்தகங்களால் பிரியாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு மட்டும் பத்தாம் வகுப்பு வரை கணக்கு வரும்.

இன்றைக்கும் எங்கள் கடையில் கூட்டமில்லாத நாளில் பிரியா சொல்லுவாள்: "அப்பா, நீங்க வெளிய போய் சும்மா நில்லுங்க. ஆள் வந்துடும்."

குகன் அண்ணைக்கு அதற்கப்புறம் ஆறு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"தம்பி, பொம்பிளைப் பிள்ளை. என்ரை ரெண்டாம் நம்பர் இன்னும் இருக்குதானே?"