உலகக் காற்றும் ஓர் அலுமினியத் தட்டும்

ஐஸ் உருகிக்கொண்டே போனது. செவ்வந்தியை இன்னும் காணோம்.

மாயவரம் அறிவியல் கண்காட்சியில் தங்கையன் வேர்த்து வழிய நின்றார். பெங்களூரில் காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மகள், "கண்காட்சிக்கு வர்றேன்ப்பா" என்று மைக்செட் மூஸாவின் கடைக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். வந்து எதைக் காட்டுவாள் என்று பெற்றவருக்குத் தெரியாதா? போன லீவில் செய்து காட்டினாளே! தட்டில் தண்ணீர், அதுதான் காற்று. நடுவில் ஐஸ் டப்பா, அது துருவம். ஓரத்தில் வெந்நீர், அது வெயில் காயும் நம்ம பக்கம். பூமி மாதிரி தட்டைச் சுற்றவிட்டு மையைச் சொட்டினால், உலகக் காற்று ஓடும் பாதை தெரியும்.

பிள்ளை வந்து அலையக் கூடாதென்று மூஸாவின் ரிக்கார்டு பிளேயரை வாங்கி, அதன்மேல் தட்டை வைத்து, தன் பெயரிலேயே கண்காட்சிப் போட்டியில் இடமும் பிடித்துவிட்டார்.

நன்கொடை கொடுத்த மிராசுதார் இராஜாங்கம் வந்து நின்றார். கழக ஆட்சியில் தங்கையன் அவர் நிலத்தின் குத்தகையைத் தன் பெயரில் பதிவு செய்ததிலிருந்து இருவருக்கும் கோர்ட்டில் வழக்கு.

"காத்தைப் படிச்சு என்னய்யா வெளையப் போவுது?"

"எம்மவ வந்து காட்டுவா, இருந்து பாருங்க."

"ஐஸ் கரைஞ்சுபோச்சுங்க!" என்று அலறினாள் மனைவி அம்சவல்லி.

தங்கையன் ஓடிப்போய்க் குச்சி ஐஸ் வாங்கிவந்து டப்பாவில் நட்டார். துருவத்தில் ஈ மொய்த்தது. அம்சவல்லி முந்தானையால் ஈ விரட்டுவதற்குள் வெந்நீர் ஆறிவிட்டது. இன்னொரு செம்பு ஊற்றியதும் தட்டு கனத்துத் திணறியது.

"பாய், வேகத்தைக் கூட்டுங்க!"

பிளேயர் பக்கத்தில் நின்ற மூஸா கூட்டினார். தட்டில் சொட்டியிருந்த சிவப்பு மை எகிறி இராஜாங்கத்தின் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

"என் வேட்டியிலயே செங்கொடி ஏத்துறியா?"

"கொடி இல்லைங்க, காத்துங்க!"

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. செவ்வந்தி இறங்கினாள். கூட்டமே எழுந்து நின்றது. தலைமையாசிரியர் அவளை நோக்கி ஓடினார். தாமதமாக வந்ததற்குத் திட்டப் போகிறார் என்று தங்கையன் முந்திக்கொண்டு கூப்பிட்டார்.

"செவ்வந்தி, ஓடியா! எல்லாம் தயாரா இருக்கு!"

ஓடிவந்தவள் தட்டைப் பார்த்ததும் நின்றாள். மிச்சமிருந்த மை ஐஸைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அலை விழுந்திருக்குப்பா! வடக்கே உசரத்துல காத்து இப்படித்தான் வளைஞ்சு ஓடுது. இதைக் கொண்டுவர எங்க லேப்ல என்ன பாடுபட்டோம் தெரியுமா?"

இராஜாங்கம் வேட்டியை மறந்து குனிந்தார். "இதுல நம்ம ஊரு எங்கம்மா?"

அவள் தட்டின் ஓரத்தைக் காட்டினாள். மிராசுதார் கேட்கிறார், தன் மகள் சொல்கிறாள். தங்கையனுக்குப் பெருமை தாங்கவில்லை, கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இனி போட்டியில் பிடித்த இடம் மட்டும் கைவிட்டுப் போகக் கூடாது. பேட்ஜ் குத்திய ஊழியரிடம் கெஞ்சினார்.

"தம்பி, புள்ள கொஞ்சம் லேட்டாயிடுச்சு. எம் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போட்டுக்குங்க."

"அவங்க பேரைப் போட முடியாதுங்க, உங்க பேரையும் அடிச்சாச்சு. நடுவரோட அப்பா போட்டியில நிக்கக் கூடாதுங்க."