பட்டப்பகலில் குட்டி அண்டம்

சாக்கோட்டையில் ஒன்பது கிரகமெல்லாம் பழசாகிவிட்டது. அண்டசித்தர் செம்மலை பத்தாவதாக ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். தனுசு ராசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி அண்டமாம். ஒழுங்கான உருவம்கூடக் கிடையாதாம். அதன் பார்வை பட்ட பெண் வாழ மாட்டாளாம். கேட்க வேண்டுமா? சித்தரின் பந்தலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை வரிசை.

அப்படி ஓர் அண்டம், அதாவது நட்சத்திரக் கூட்டம், இருப்பது நிஜம்தான். அதன் வெளிச்சம் இங்கே வந்து சேரவே பதினாறு லட்சம் வருஷம் ஆகும். அத்தனை தூரம் மெனக்கெட்டு அது கிளம்பியது சத்தியப்பிரியாவின் கல்யாணத்தை நிறுத்தத்தானாம்!

பூ வைத்தாயிற்று. பத்திரிகையும் அச்சுக்குப் போயிற்று. பெண் தனுசு ராசி என்றதும் மாப்பிள்ளையின் அம்மா அக்கம்மாள் அவளைக் கையோடு இங்கே கூட்டி வந்துவிட்டாள். கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று சத்தியப்பிரியாவும் வந்தாள். மாப்பிள்ளை முத்தரசுவை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"குழாயில கண்ண வச்சுப் பாரு தாயி. வெள்ளையாத் தெரியுதா? அதான் ஒன் தோஷம்" என்று தொலைநோக்கியைக் காட்டினார் சித்தர்.

மணி பகல் பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. பகலில் நட்சத்திரம் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தோஷம் கூடிவிடுமே!

வெள்ளைத் திட்டு தெரியத்தான் செய்தது. அவள் அதைச் சொன்னதுமே, கூட வந்திருந்த அம்மா பொன்னுத்தாயி பரிகாரத்துக்குக் காதுத் தோட்டைக் கழற்றத் தொடங்கினாள்.

அந்நேரம் குழாய்க்குள் தெரிந்த வானத்தில் ஒரு காக்கை பறந்தது. அண்டத்துக்கு முன்னால் அல்ல, பின்னால்!

சத்தியப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழாயை அங்குட்டுத் திருப்பினாள். தண்ணீர்த் தொட்டி மேலும் அதே வெள்ளை. இங்குட்டுத் திருப்பினாள்.

"அத்தை, வந்து பாருங்க. சாமி தொந்தியிலயும் தோஷம் இருக்கு!"

அக்கம்மாள் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா! தொப்புளுக்கு மேலயே உக்காந்திருக்கு!"

"தொடாதே, கண்ணு அவிஞ்சுபோகும்!" என்று சித்தர் பாய்வதற்குள் சத்தியப்பிரியா கண் வைக்கும் முனையைக் கழற்றிவிட்டாள். உள்கண்ணாடியில் விபூதி அப்பிய கட்டைவிரல் ரேகை. துப்பட்டாவால் ஒரு துடை. பத்தாவது கிரகம் போயே போச்சு.

"தோட்ட மாட்டுங்க சம்பந்தி" என்ற அக்கம்மாள், செருப்பைத் தேடிய சித்தரை வழிமறித்தாள். "எங்குட்டுப் போறீக? வாங்குனதையெல்லாம் வச்சிட்டுப் போங்க!"

வரிசையின் கடைசியில் ஒருவர் மட்டும் கவலையோடு கேட்டார்: "அப்ப பதினோராவது கிரகத்துக்கு யாரைப் பாக்கணும்?"

ஐயா, கண்ணாடியைத் துடைக்கத் துப்பட்டா போதும். மண்டையை நீங்களேதான் துடைத்துக்கொள்ள வேண்டும்.