தொலைக்காட்சியில் "வாய்ப்பு இருக்கிறது" என்று சொல்லும் மாப்பிள்ளைக்கு

சொர்வோன்,
நவம்பர் 6

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை யாங் கியூசிக் அவர்களுக்கு, மாமனார் பாங் ஜொங்தெ எழுதிக்கொண்டது.

சியோலில் நீங்களும் என் மகள் இன்ஹேயும் பேத்தி தன்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாமியார் மால்சூனும் நலம். இன்ஹே அனுப்பிய ஜின்செங் சாறு வந்து சேர்ந்தது. ஒரு வாரம் குடித்தேன், வாயில் கசப்பு மட்டும் கூடியிருக்கிறது. முட்டைக்கோசு இந்த வருஷம் நன்றாகத் திரண்டிருக்கிறது. கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளுக்கு நீங்கள் குடும்பத்தோடு வரவேண்டும் என்று மால்சூன் எழுதச் சொன்னாள். வழக்கமாக எழுத வேண்டியவை இத்துடன் முடிந்தன. இனி என் குறை.

மாப்பிள்ளை, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தொலைக்காட்சியில் அந்தப் பெண்மணி உங்களைப் பார்த்து, "வடக்கு அணுகுண்டைக் கைவிடுமா, பேராசிரியர் யாங்?" என்று கேட்டால், "கைவிடாது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மாமனார் இப்படி எழுதலாமா என்று நினைக்காதீர்கள். நீங்கள் படித்தவர், அந்த விஷயத்தையே இருபது வருஷமாக ஆராய்கிறவர், உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? ஆனால் நீங்கள் அங்கே பேசி முடித்தபிறகு இங்கே என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு வயது தொண்ணூற்றைந்து. யுத்தத்தில் அவர் தனியாக இந்தப் பக்கம் வந்தபோது அவருடைய தங்கை ஓக்புன் அந்தப் பக்கம் தங்கிவிட்டாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இன்று உயிரோடு இருந்தால் எண்பத்து நான்கு. "இருந்தால்" என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது, அப்பாவின் உத்தரவு. பிரிந்த குடும்பங்களைச் சந்திக்க வைக்கும் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறார். ஒருமுறை முதல் குலுக்கலில் பெயர் வந்து, இரண்டாவது குலுக்கலில் விடுபட்டுப்போனது. இரண்டு பக்கமும் பேசினால்தான் சந்திப்பு, குண்டைப் பற்றி ஏதாவது முடிவானால்தான் பேச்சு. ஆக, அப்பா சாவதற்குள் தன் தங்கையைப் பார்ப்பாரா என்பது அந்தக் குண்டில் வந்து நிற்கிறது. அவர் மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பை எப்போதும் தயாராக இருக்கிறது. கனமான குளிர் உள்ளாடை, பற்பசை, வலி மாத்திரை, சாக்லேட் கேக் பெட்டி, எல்லாம் ஓக்புன் அத்தைக்கு. மாத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு. நம் நம்பிக்கைக்கும் அப்படி ஒன்று அச்சடித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். தேதி முடிந்ததும் நான் டவுனுக்குப் போய்ப் புதிது வாங்கி வருவேன். கேக் பெட்டி முதியோர் கூடத்துக்குப் போகும். அங்கே கேக் வந்தாலே கிழவர்கள், "இந்தத் தடவையும் பேச்சுவார்த்தை ஊத்திக்கிச்சு போல, கேக் வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்கள்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். நீங்கள் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு நிமிஷம் பேசினீர்கள். யுரேனியம் என்றீர்கள், பொருளாதாரத் தடை என்றீர்கள், சீனா, ரஷ்யா என்றீர்கள், எல்லாம் சரி. கடைசியில், "ஆனாலும் வாய்ப்பை முற்றிலும் மறுத்துவிட முடியாது" என்றீர்கள். அப்பா அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் கேட்டது அது ஒன்றைத்தான். "பாத்தியா ஜொங்தெ, நம்ம மாப்பிள்ளையே சொல்லிட்டான். அவன் வாயில பொய் வராது" என்று எழுந்தார். எழுந்தவர் நேரே முடிவெட்டப் போனார். தலையில் இருப்பது முப்பது நாற்பது முடி, அதையும் வெட்டிச் சாயம் பூசிக்கொண்டு வந்தார், தங்கை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டுமாம். மால்சூன் தலையில் கைவைத்துக்கொண்டாள். "என்னங்க, உங்க மாப்பிள்ளை ஒரு தடவை வாயத் திறந்தா எனக்குத் தலகாணி உறை மூணு நாளைக்குக் கறுப்பு! அவர ஆராய்ச்சியோட நிறுத்திக்கச் சொல்லுங்க."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் நிலத் தரகர் தக் என்று ஒருவர். செய்தித்தாள் படிக்கமாட்டார், அப்பாவின் தலையைப் படிப்பார். கறுப்புத் தலை தெருவில் போனதைப் பார்த்ததும், வடக்கு இறங்கி வருகிறது, சாலை திறக்கப் போகிறது, எல்லையோர வயலெல்லாம் ஏறப்போகிறது என்று முடிவுகட்டி, வாங்க வந்த ஆளிடம் "இப்ப விக்கறதுக்கில்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அதைக் கேட்ட ஊர்த் தலைவர் மியங், தரகரே விற்கவில்லை என்றால் மேலிடத்துச் செய்தி ஏதோ இருக்கிறது என்று நினைத்து, "சமாதானத்தின் வாசல் எங்கள் ஊர், வருக வருக" என்று முச்சந்தியில் ஒரு பெரிய துணிப் பதாகை கட்டினார். கட்டியது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் எல்லோருடைய கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. கிழக்குக் கடலில் வடக்கு ஏவுகணை விட்டிருக்கிறது. மியங் ஏணியோடு ஓடினார், கீழே தக் நின்றுகொண்டு, "யோவ், நீ பதாகை கட்டினதப் பாத்துத்தான்யா அவன் விட்டான்!" என்று கத்தினார். மியங் ஏணிமேல் இருந்தபடியே, "நீ வித்துத் தொலைச்சிருந்தா நான் எதுக்குய்யா கட்டறேன்?" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவிடம் வந்தார்கள். "பெரியவரே, நீங்க எதுக்கு முடி வெட்டினீங்க?" அப்பா நிதானமாக, "வளந்துச்சு, வெட்டினேன். ஒங்களுக்கு வளந்தா நீங்களும் வெட்டுங்க" என்றார். இருவருக்கும் வழுக்கை. அந்தப் பதாகை இப்போது மியங் வீட்டு மிளகாய் வற்றலை மூடிக் கிடக்கிறது.

காலணி விஷயம் உங்களுக்கு இன்ஹே சொன்னாளோ என்னவோ. ஏழு வருஷத்துக்கு முன் இரண்டு பக்கத்துத் தலைவர்களும் கைகோத்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டினார்களே, அந்த வசந்தத்தில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குக் காலணி வாங்கப் போனார். கடைக்காரப் பெண் அளவு கேட்டாள். அப்பா கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்துக் காட்டினார். "பாப்பாவுக்கா தாத்தா? என்ன வயசு?" என்றாள். "எழுபத்தேழு" என்றார் அப்பா. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். வெளியே வந்து சாலையோரத்தில் நின்று, பாதம் வளரும் என்பதை என் அப்பாவுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது, மாப்பிள்ளை. கடைசியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி வாங்கினோம். அடுத்த குளிர்காலத்துக்குள் அந்தப் பேச்சுவார்த்தை முறிந்தது. பிறகு போன வருஷம் வடக்கே அவர்கள் எல்லைச் சாலையையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே மலையில் பிரிந்த குடும்பங்களின் சந்திப்புக்காகக் கட்டின கூடத்தையும் இடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நான் தொலைக்காட்சியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு இரண்டு வாரம் பழுது என்றேன்.

வருஷத்துக்கு ஒருமுறை பட்டியல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிடுவாள், நல்ல பெண். "வாத்தியார் ஐயா, அப்பா இன்னும்..." என்று இழுப்பாள். பட்டியலில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள், அவள் என்ன செய்வாள்? அப்பா தொலைபேசியை என் கையிலிருந்து பிடுங்கி, "நான் இருக்கேம்மா. அந்தக் குண்டு இன்னும் இருக்கா?" என்று கேட்பார். "இருக்கு தாத்தா" என்பாள். "அப்ப ரெண்டு பேருல யாரு முன்னாடிப் போறோம்னு பாத்துடலாம்" என்பார். இந்த வருஷம் அந்தப் பெண் சிரிக்கவில்லை, அழுதுவிட்டாள். அன்றைக்குத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன், சொந்த அப்பாவுக்கு ஒரு பாடத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன், இது சரியில்லை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடானதும் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது, உங்களுக்கே தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கூ என்று ஒரு காவலாளி இருந்தார். உறவில்லை, நட்பில்லை, யாரும் அவரோடு பேசமாட்டார்கள். ஆனால் கொதிகலன் அறைச் சாவி அவரிடம்தான், ஒரே சாவி. குளிர்காலத்தில் அவர் மனம் வைத்தால்தான் வகுப்பு சூடாகும். தலைமை ஆசிரியர் அவரைக் கூப்பிட்டு, சாவியைக் கொடுத்தால் புது மேலங்கி தருகிறேன் என்றார். கூ மேலங்கியை வாங்கிக்கொண்டு ஒரு சாவியைக் கொடுத்தார். அது பூட்டுக்குள் நுழையவே இல்லை. அடுத்த தலைமை ஆசிரியர் நாற்காலி கொடுத்தார், அவருக்கும் ஒரு சாவி கிடைத்தது, அது கக்கூஸ் சாவி. ஒருநாள் நானே கேட்டேன், "ஏன் கூ அண்ணே, குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாமே?" அவர் சொன்னார்: "வாத்தியாரே, சாவி இருக்கறதாலதான் நீ என்ன அண்ணேங்கற. குடுத்துட்டேன்னா நாளைக்கு மேலங்கியத் திருப்பிக் கேப்பாங்க, நான் யாருகிட்டப் போய் நிக்கறது?" ஓய்வுபெறும் நாளில்கூட அவர் அதைக் கொடுக்கவில்லை, பூட்டை உடைத்தார்கள். "வடக்கும் அப்படித்தான் அப்பா," என்றேன், "அந்தக் குண்டு ஒண்ணு இருக்கறதாலதான் உலகமே அவங்கள வாங்க உக்காருங்கன்னு கூப்பிடுது. விடமாட்டாங்க. இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல."

அப்பா முழுவதும் கேட்டார். பிறகு, "அந்தக் கொதிகலன் ரூமுக்குள்ள யாராவது மாட்டிக்கிட்டு இருந்தாங்களாடா?" என்றார்.

"இல்லப்பா, யாரும் இல்ல."

"அப்ப அது எனக்கு உதாரணம் இல்ல. ஏண்டா, குண்டக் குடுன்னு நானா கேட்டேன்? அத அவனுங்களே வெச்சுக்கட்டும், தலமாட்டுல வெச்சுத் தூங்கட்டும். நான் கேக்கறது என் தங்கச்சிய. அவ என்ன யுரேனியமா?"

என் தொழிலில் இப்படிக் கேட்கிற மாணவனை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு நான் விடவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "வராதுப்பா. அந்தச் சந்திப்பு வராது. நமக்கு இனிமே நாள் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அப்பா, "சரி" என்றார். பையைத் தானே திறந்தார். கேக் முதியோர் கூடத்துக்கு, மாத்திரை மியங்கின் முழங்காலுக்கு, உள்ளாடை மால்சூனுக்கு என்று வரிசையாகக் கொடுத்து முடித்தார். காலி பையை மடித்து என்னிடம் தந்தார். அழவில்லை, கோபப்படவில்லை. பாடம் புரிந்துவிட்டது மாப்பிள்ளை, எழுபது வருஷப் பாடம் ஒரு மத்தியானத்தில். எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆகவே தயவுசெய்து இதைக் கெடுத்துவிடாதீர்கள். வருகிற வியாழக்கிழமை நீங்கள் தொலைக்காட்சியில் மறுபடி வரப்போவதாக இன்ஹே சொன்னாள். வாய்ப்பு, சாத்தியம், ஒருவேளை, எதிர்காலத்தில் என்ற சொற்களையெல்லாம் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். உண்மையைச் சொல்லுங்கள். உண்மை ஒருவனைக் கொல்லாது என்று எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசி. உங்கள் ஆராய்ச்சி செழிக்கட்டும், உங்கள் வயிறு நேரத்துக்குச் சாப்பாட்டைக் காணட்டும், சியோல் குளிரில் காதை மூடிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
பாங் ஜொங்தெ

பின்குறிப்பு: இதை எழுதி மூன்று நாள் ஆகிறது, தபாலில் போடவில்லை. அன்று முதல் அப்பா படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கஞ்சி இரண்டு கரண்டி, அதோடு சரி. மருத்துவர் வந்து பார்த்து உடம்பில் ஒன்றுமில்லை என்றார். இன்று காலை நான் முகம் துடைத்துவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஜொங்தெ, எனக்கு நீ சொல்லிட்ட. அவ அங்க இன்னும் நான் வருவேன்னு உக்காந்திருப்பாளே, அவளுக்கு யாருடா போய்ச் சொல்லுவா?" என்று கேட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் விடை தெரியாமல் வகுப்பைவிட்டு வெளியே போனது இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை, எழுதாத விடைக்கு நான் ஒரு மாணவனுக்கும் மதிப்பெண் போட்டதில்லை. இப்போது விடை எழுதாத எனக்கு உங்களைப் போடச் சொல்கிறேன். வியாழக்கிழமை அந்தப் பெண்மணி கேட்டதும் "இருக்கிறது" என்று சொல்லுங்கள். மேலே எழுதியதைக் கிழித்துவிடுங்கள். நான் தொலைக்காட்சியை அவர் மெத்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கம்பியை மாட்டிவிட்டேன், இனிப் பிடுங்கமாட்டேன். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், அவருக்கு இடது காது கேட்காது.