றெஜிக்கு ஒரு பார்சல்

பார்சலைக் கையில் வாங்கிய பிறகுதான், தான் கனடாவுக்குப் போகவில்லை என்பது சண்முகலிங்கத்துக்கு நினைவுக்கு வந்தது.

லிஃப்டின் கதவு மூடவும் மனமில்லாமல், திறக்கவும் மனமில்லாமல் பாதியில் நின்றது. உள்ளே அவரும் அவருடைய பயணப்பையும். வெளியே இரண்டாம் மாடிப் புளோறன்ஸ் மிஸ்.

"என்ர மகன் றெஜிக்கு. உங்கட ரொறன்ரோவிலதான் இருக்கிறான்," என்றார் மிஸ். "சீனிச்சம்பல் மட்டும்தான். பாரமில்லை."

"விலாசம்?"

"அவன் வீடு மாறிக்கொண்டே இருக்கிறவன். காவலாளியிட்ட கிடந்த உங்கட கனடா நம்பரை அவனுக்குக் குடுத்திருக்கிறன். அவனே வந்து வாங்குவான்."

கதவு மூடிக்கொண்டது. சண்முகலிங்கம் கீழே இறங்கினார். பழைய பால்மா டின் ஒன்று, பேப்பர் சுற்றி, பொலித்தீன் சுற்றி, அதற்கு மேல் ஒட்டுநாடா சுற்றி, ஒரு கைக்குழந்தையைப்போல அவருடைய நெஞ்சோடு சாய்ந்திருந்தது.

வெள்ளவத்தையில் ஒருவர் விமானம் ஏறப்போகிறார் என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு அவருடைய பெட்டி அவருடையதல்ல. அதில் யாருடைய மருமகளுக்கோ மிளகாய்த்தூள் போகும். யாருடைய பேரனுக்கோ பருத்தித்துறை வடை போகும். மாட்டேன் என்று சொல்கிறவனை ஊர் மனிதக் கணக்கில் சேர்க்காது. சண்முகலிங்கம் யாரோடும் அதிகம் பேசாமல், லிஃப்டில் எப்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்று, இத்தனை காலம் தப்பியிருந்தார்.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். இளம் வயதில் கனடா போனவர், அந்த நாட்டுப் பாஸ்போர்ட்காரர். மனைவி இறந்த பிறகு மூத்த மகன் வீட்டு நிலக்கீழ் அறையில், ஹீட்டரின் இரைச்சலைக் கேட்டபடி படுத்திருந்தவர். ஒரு மாத விடுமுறைக்கு என்று வந்து, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு சின்ன ஃபிளாட்டை எடுத்தார். முதல் நாள் மத்தியானம் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். கடலோர ரயில் ஒன்று போனது, கண்ணாடித் தம்ளர்கள் மெல்லக் கிலுகிலுத்தன, பிறகு அலை, பிறகு ஒன்றுமில்லை. கண் விழித்தபோது அறை முழுவதும் அந்திச் சிவப்பு. எத்தனையோ வருடங்களாக எங்கோ தொலைத்திருந்த நித்திரை, இந்த ஜன்னலோரம் அவருக்காகக் காத்துக் கிடந்தது போலிருந்தது. திரும்பிப் போவதில்லை என்று அவர் முடிவெடுக்கவில்லை. கட்டிலை விட்டு எழும்பவில்லை, அவ்வளவுதான்.

பிறந்த ஊரில் அவர் சுற்றுலாப் பயணி. விசாவை நீட்டக்கூடிய மட்டும் நீட்டுவார். இனி நீட்ட முடியாது என்கிற கட்டத்தில் சென்னைக்குப் பறந்து, ஒரு லொட்ஜில் சில நாள் கிடந்து, புது விசாவோடு திரும்பி வருவார்.

இதை யாரிடம் சொல்வது? வெள்ளவத்தை அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, எப்ப திரும்பிப் போறீங்கள்?" போகவில்லை என்றால் அடுத்த கேள்வி தயாராக நிற்கும்: "ஏன், பிள்ளையள் பார்க்கிறேல்லையோ?" அதனால் "வாற மாதம்" என்றே சொல்லிப் பழகிவிட்டார். ஒவ்வொரு சென்னைப் பயணமும் கட்டடத்துக்குக் கனடாப் பயணம்.

புளோறன்ஸ் மிஸ் அவரோடு முன்பும் ஒரு தடவை பேசியிருக்கிறார். முதல் வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்து கதவைத் தட்டினார். ஒரு மனிதர் தேத்தண்ணியும் வெறும் பாண் ரொட்டியுமாகக் காலம் தள்ளுவது அவருடைய கண்ணில் பட்டிருக்க வேண்டும். "வீணாக் கரைச்சல் படாதேங்கோ. நான் ஆரிட்டையும் சாப்பாடு வாங்கிறதில்லை," என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார் சண்முகலிங்கம். அதன் பிறகு பல இரவுகள் அந்தத் தட்டு கனவில் வந்து, கதவைத் தட்டாமல் போனது.

சென்னை லொட்ஜில் பார்சலை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அனுப்ப விலாசமில்லை. றெஜி அழைப்பதற்கென்று மிஸ் கொடுத்த அந்தக் கனடா நம்பர் எப்போதோ உயிரை விட்டிருந்தது. இரண்டாம் நாள் சுவரோரமாக எறும்புகள் வரிசை கட்டின. அவற்றுக்கு விலாசம் தேவைப்படவில்லை.

"பழுதாய்ப் போறதிலும் பார்க்க..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு பாண் பக்கெட் வாங்கி வந்தார். வெங்காயமும் சீனியும் வதங்கிய அந்த முதல் வாயில் கண்ணை மூடினார். கொட்டாஞ்சேனையில் தேவாலய மணி அடித்தது.

டின் காலியானபோது, தான் ஒரு தாயிடம் திருடிவிட்டோம் என்று உறைத்தது.

திரும்பி வந்த அன்று மிஸ் லிஃப்ட் வாசலில் நின்றார்.

"நல்லாக் கறுத்துப் போனீங்கள்!"

"பனியிலயும் கறுக்கும் மிஸ். அது ஒரு வகை."

"அப்பிடியோ." நெடுங்காலம் கொட்டாஞ்சேனையில் புவியியல் படிப்பித்தவர் அவர். ஆனாலும் மேலே கேட்கவில்லை. "றெஜி வந்து வாங்கினவனோ?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், டின் எங்கே?

"ஓம். கையிலயே குடுத்தனான்."

"சம்பல் எப்பிடியாம்?"

"நல்லாயிருந்ததாம். சீனிதான் கொஞ்சம் கூடவாம். அவருக்கு... லேசா சுகர் எல்லோ."

நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. சுகர் இருந்தது சண்முகலிங்கத்துக்கு.

மிஸ் அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். பிள்ளையின் நோயை இப்படியா ஒரு தாய்க்குச் சொல்வது என்று சண்முகலிங்கம் தன்னையே நொந்துகொண்டார்.

"சரி," என்றார் மிஸ். "இனிக் கவனமாச் செய்யிறன்."

அடுத்த சென்னைப் பயணத்துக்குச் சீனி படாத முறுக்கு வந்தது. இந்த முறை சாப்பிடவே கூடாது என்று பெட்டியின் அடியில் பூட்டி வைத்தார். பூட்டிய பெட்டியிலிருந்து எள்ளும் ஓமமும் மணந்துகொண்டே இருந்தன. கடைசி நாள் மத்தியானம் பூட்டின் திறப்பைத் தேடி எடுத்தார். முறுக்கு கல்லுமாதிரி, கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது.

"றெஜிக்குப் பல்லுக் கொஞ்சம் ஏலாதாம்," என்று வந்து சொன்னார்.

"இந்த வயசிலயோ!"

"அங்கத்தைக் குளிர் மிஸ்."

அதற்கடுத்த முறை எல்லாம் மெதுமெதுவென்று வந்தது.

இப்படி றெஜி வளர்ந்தான். மிஸ் கேட்கக் கேட்க, சண்முகலிங்கம் அவனுக்குத் தாடி வைத்தார். பிறகு தாடி பிடிக்காமல் வழித்துவிட்டார். ஒரு கார் வாங்கிக் கொடுத்தார். மாலைகளில் ஜன்னலோரம் சாய்ந்திருக்கும்போது, தன் சொந்தப் பிள்ளைகளைவிட றெஜியைத்தான் அதிகம் நினைத்தார். அவன் போன் எடுப்பான், விசாரிப்பான். அலைக்கும் ரயிலுக்கும் இடையில், அரைத்தூக்கத்தில், அவன் ஒரு நாள் வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, "என்ர சாப்பாடு எங்கை அங்கிள்?" என்று அமைதியாகக் கேட்டான்.

அன்றிலிருந்து நித்திரையும் குறைந்தது.

கடைசியாகச் சென்னையிலிருந்து வந்தபோது, விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். ஒரே முத்திரை, ஒரே முத்திரை.

"மஹத்தயா, இந்த நாட்டில் பார்க்க இன்னும் என்ன மிச்சம்?" என்று, சிங்களத்தில் ஐயா போட்டு, மிச்சத்தை ஆங்கிலத்தில் கேட்டார்.

"சீகிரியா," என்றார் சண்முகலிங்கம்.

"இத்தனை தடவை வந்தும் சீகிரியா பார்க்கவில்லையா?"

"இல்லை."

அவருடைய வாயிலிருந்து வெகுநாளைக்குப் பிறகு வந்த முழு உண்மை அது. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்திரையைக் குத்தினார். "இந்த முறை அதையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அடுத்த தடவை டூரிஸ்ட் விசாவில் விடமாட்டோம்."

வீட்டுக்கு. எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை.

அந்த விசாவும் முடிகிற நாள் நெருங்கியபோது மாளிகாவத்தைக்குப் போனார். அங்கே விசா வேலைகள் பார்த்துக் கொடுக்கும் இப்ஹாமின் கடை இருந்தது.

"அங்கிள், சென்னைக்குப் போய் வார வெளயாட்டு இனிச் சரிவராது," என்றான் இப்ஹாம்.

"வேற வழியில்லையோ தம்பி?"

"டபுள் சிட்டிசன்ஷிப் எண்டா வருசக்கணக்குல இழுபடும். இன்னொரு வழி ஈக்குது. இங்கத்த ஆள் ஒருத்தரக் கலியாணம் முடிங்க. அந்த விசாவுல நிம்மதியா ஈக்கலாம்."

"பகிடி விடாதையும்."

"பகிடி இல்ல அங்கிள். ஒருத்தரும் மனசுல இல்லயா?"

சண்முகலிங்கம் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டுக்குள் தெரிந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மொகத்தப் பாத்தா ஆள் ஈக்குது," என்றான் இப்ஹாம்.

பஸ்ஸில் திரும்பும்போது முகம் சுட்டது. ஆள் உண்டு. ஆனால் அந்த ஆள் ஒரு மகனுடைய தாய். அந்த மகனின் வாய்க்குப் போக வேண்டியதையெல்லாம் தின்றவன், எந்த வாயால் கேட்பது? முதலில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னித்தால் இருப்பது. இல்லாவிட்டால், சென்னைக்கல்ல, உண்மையாகவே கனடாவுக்கு ரிக்கட் போடுவது. நிலக்கீழ் அறை, ஹீட்டர்.

மாலையில் தண்டவாளத்துக்கு அப்பால் கற்பாறையில் மிஸ் உட்கார்ந்திருந்தார். சண்முகலிங்கம் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். ஒரு ரயில் போகும்வரை பேசாமலிருந்தார். இன்னொன்றும் போனது. கடல், யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல, வந்து வந்து போனது. இப்படி ஒருவருடன் பேசாமல் இருப்பது இவ்வளவு சுகம் என்று அவருக்கு மறந்தே போயிருந்தது.

"திரும்பவும் போறீங்களாம்," என்றார் மிஸ்.

"ஓம்."

"எப்ப வருவீங்கள்?"

வெள்ளவத்தை முழுவதும் எப்போது போகிறீர்கள் என்று கேட்கிறது. இவர் ஒருவர்தான் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்.

"மிஸ், றெஜியைப் பற்றி உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ."

மிஸ் திரும்பி முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு ஆவல் இருந்தது. ஒரு தாயின் முகத்திலிருந்து அதை எப்படி அழிப்பது?

"அவருக்கு வேலை உயர்வு கிடைச்சிருக்கு," என்றார் சண்முகலிங்கம்.

"நல்ல செய்தி. வேற ஏதும் ஆசைப்பட்டுக் கேட்டவனோ?"

"மீன் கட்லட்," என்றார். வந்த அவமானத்தில் கடலில் இறங்கி நடந்துவிடலாம் போலிருந்தது.

புறப்படும் நாள். இந்த முறை பையில் உண்மையாகவே கனடா ரிக்கட் இருந்தது. மூன்றாம் மாடி தாண்டி லிஃப்ட் இரண்டில் நின்றது. மிஸ் ஒரு பெட்டியை நீட்டினார். அடி சூடாக இருந்தது. ரொறன்ரோவுக்குச் சுடச்சுட மீன் கட்லட். பிள்ளைப் பாசம் புவியியலையே மறக்க வைத்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"இது ஒரு ஷேர்ட். அவனுக்குத்தான்." அரைக்கைப் பருத்திச் சட்டை ஒன்றை விரித்து, சண்முகலிங்கத்தின் தோளோடு வைத்துப் பார்த்தார் மிஸ். "அளவு சரி. அவனும் உங்கட உடம்புதான்."

"அங்க இப்ப குளிர் மிஸ்."

"வீட்டுக்குள்ள போடட்டும்."

கீழே ஆட்டோ காத்திருந்தது. சண்முகலிங்கம் ஏறவில்லை. காவலாளி இராமரின் கதிரைக்குப் பக்கத்தில் பையை வைத்தார், பெட்டியையும் சட்டையையும் அதன் மேல் வைத்தார்.

"இராமர், எனக்கொரு உதவி செய். இதைக் கொண்டுபோய் மிஸ்ஸிட்டத் திருப்பிக் குடு. நான் கள்ளன் எண்டு சொல்லு. என்னால முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது."

"என்னங்க ஐயா இது?" இராமர் எழுந்து நின்றான்.

"இவ்வளவு காலமும் நான் இஞ்சயிருந்து கனடாவுக்குப் போனதே இல்லை."

"தெரியுங்களே. மெட்ராசுக்குத்தானே போவீங்க. வர்றப்பல்லாம் கையில சென்னை ஜவுளிக்கடைப் பைதானுங்களே."

சண்முகலிங்கம் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "மிஸ்ஸுக்கும் தெரியுமோ?"

"பையை எனக்குக் காட்டினதே மிஸ்தானுங்க. முதல் வருசமே."

ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். சண்முகலிங்கத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தெரிந்துகொண்டேயா கொடுத்தார்? கட்லட்டின் சூடு பெட்டியைத் தாண்டி மணந்தது. மேலே இரண்டாம் மாடி பல்கனியில் யாரோ நிற்பதுபோலிருந்தது. நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

"தெரிஞ்சும் ஏன் தந்தவ? பாவம் அந்தப் பெடியன். பெத்த தாய் செய்து குடுத்ததில ஒரு துண்டுகூட அவன்ர வாயில படேல்லையே, இராமர்!"

இராமர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"எந்தப் பெடியனுங்க ஐயா? மிஸ் இன்னும் கல்யாணமே கட்டலீங்களே!"